பணம் வந்தது என்று யார் சொல்ல வேண்டும்?

(சிறு வியாபாரத்தின் வலைத்தளத்தில் பணம் பெறும் வசதி: ஓர் எளிய பாடம்)

தொழிற்சாலை வேலைக்கென்று ஆகுர்டிக்கு வந்து சேர்ந்த நம்மவர்களில் மூத்தவர்களுக்கு, மாதத்தின் முதல் வாரம் என்றாலே தபால் ஆபீஸ் வரிசைதான் நினைவுக்கு வரும். சம்பளம் வாங்கிய கையோடு ஊரிலிருக்கும் அப்பாவுக்கு மணியார்டர். படிவத்தின் ஓரத் துண்டில் "எல்லோரும் நலம்" என்று எழுதச் சிறிது இடம் இருக்கும். சில நாட்கள் கழித்து அப்பாவின் கையெழுத்தோடு ஒப்புதல் சீட்டு திரும்பி வரும். அதைப் பார்த்த பிறகுதான் "பணம் சேர்ந்துவிட்டது" என்று வீட்டில் சொல்வோம். கவுண்டரில் கொடுத்த ரசீது, நாம் பணம் கட்டியதற்குச் சாட்சி. அப்பா வாங்கிக்கொண்டதற்குச் சாட்சி அந்தச் சீட்டுதான். இந்த வித்தியாசம் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரிந்திருந்தது. செல்போன் வந்த பிறகு நாம்தான் மறந்துவிட்டோம்.

வீட்டிலிருந்தபடியே பலகாரம், புடவை, பாட்டு வகுப்பு என்று நடத்தும் குடும்பங்கள் நம்மில் பல உண்டு. பிள்ளைகளின் தயவில் சிலருக்கு வலைத்தளமும் இருக்கிறது. அதில் பணம் பெறும் வசதியைச் சேர்க்க நினைப்பவர்களுக்காகவே இந்தப் பாடம்.

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். என் மனைவி தீபாவளிக்கு முறுக்கு, தட்டை, அதிரசம் செய்து விற்பது வழக்கம். பத்து வீடுகளில் ஆரம்பித்தது, மராத்திக் குடும்பங்களும் வாங்கத் தொடங்கியபின் பெரிதாகிவிட்டது. (நம் முறுக்கு அவர்களுக்குச் சக்லி. பெயரில் சண்டை இல்லை.) மகன் கல்லூரி விடுமுறையில் ஒரு வலைத்தளம் செய்துகொடுத்தான். பலகாரப் படங்கள், விலை, அடியில் யுபிஐ க்யூஆர் கோடு. வாங்குபவர் பணம் அனுப்பிவிட்டு, அந்தத் திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். "காகூ, பைசே பாடவ்லே" (மாமி, பணம் அனுப்பிவிட்டேன்) என்று செய்தி வந்தால் இவள் பொட்டலம் கட்டிவிடுவாள்.

ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம், அடுப்பும் போனும் ஒருசேரக் கொதித்துக்கொண்டிருந்த நேரம், 1,850 ரூபாய்க்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. பெயர் சரி, நேரம் சரி, பச்சை நிற டிக்கும் இருந்தது. பலகாரம் போய்விட்டது. பண்டிகை முடிந்து வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டபோது அந்த 1,850 எங்கும் இல்லை. அந்தப் போனும் அணைக்கப்பட்டிருந்தது.

இதைவிட மனைவியை உறுத்தியது இன்னொன்று. அதே நாளில் இரண்டு பேர் 640 ரூபாய்க்கு ஆர்டர் கொடுத்திருந்தார்கள். வந்திருந்தது ஒரே ஒரு 640. யாருடையது என்று தெரியாமல், ஆரம்பம் முதல் எங்களிடம் வாங்கும் ஓர் அம்மாளிடம் போய் "உங்கள் பணம் வரவில்லையே" என்று கேட்டுவிட்டாள். பணம் கட்டியவர் அவர்தான். மறு வருஷம் அவர் எங்களிடம் வாங்கவில்லை.

இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றுதான். பணம் வந்ததா என்பதை, கொடுப்பவரின் திரை சொல்ல விட்டோம். வாங்கும் பக்கத்து வங்கி சொல்ல வேண்டிய விஷயம் அது. மேலும், வந்த பணம் எந்த ஆர்டருக்கு உரியது என்று சொல்ல எந்த அடையாளமும் வைக்கவில்லை. வலைத்தளத்தில் பணம் பெறும் வசதி என்று எதைச் சேர்த்தாலும், இந்த இரண்டுக்கும் அது பதில் சொல்ல வேண்டும்.

எந்தப் படியில் ஏறுவது?

மாதத்துக்கு இருபது முப்பது ஆர்டர் என்றால் க்யூஆர் கோடே போதும். தேசியப் பணப் பட்டுவாடா கழகம் 2016-இல் தொடங்கிய யுபிஐ முறை இன்று காய்கறி வண்டி வரை வந்துவிட்டது. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் வண்டியில் ஒட்டியிருக்கும் கோடில் பெறுபவரின் முகவரி மட்டும் இருக்கிறது, தொகை இல்லை. வலைத்தளத்தில் வைக்கும் கோடை, ஆர்டருக்கு ஒன்றாக, தொகையும் ஆர்டர் எண்ணும் உள்ளடங்கியதாக உருவாக்கலாம். வாங்குபவர் தொகையைத் தட்டச்சு செய்ய வேண்டாம். 640-க்குப் பதில் 64 வராது. எண் கூடவே வருவதால் எந்த 640 யாருடையது என்ற குழப்பமும் குறையும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வலைத்தளத்தைப் போனில் பார்ப்பவர், அதே போனால் அதன் திரையிலுள்ள கோடை எப்படி ஸ்கேன் செய்வார்? என் மகனுக்கே இது முதலில் தோன்றவில்லை. ஆகவே கோடின் கீழே, தொட்டால் யுபிஐ செயலி நேராகத் திறக்கும் பொத்தான் ஒன்றும் வேண்டும். சொந்தப் பெயரிலுள்ள சாதாரண முகவரியை அந்தப் பொத்தானில் வைத்தால், சில செயலிகள் பாதுகாப்புக் காரணம் காட்டி மறுத்துவிடும். வங்கியில் வியாபாரியாகப் பதிந்து வாங்கிய முகவரியே நல்லது.

இந்த முறையில் சரிபார்ப்பது உங்கள் வேலை. ஒவ்வொரு யுபிஐ பரிமாற்றத்துக்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு. ஸ்கிரீன்ஷாட்டை வாங்காதீர்கள், அந்த எண்ணைக் கேளுங்கள். உங்கள் வங்கிக் கணக்கில் அதே எண்ணும் அதே தொகையும் இருந்தால்தான் பொட்டலம் கட்ட வேண்டும்.

ஆர்டர் பெருகினால் இப்படி ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாது. அப்போது பேமென்ட் கேட்வே நிறுவனம் ஒன்றை அணுக வேண்டும். ரேசர்பே, கேஷ்ஃப்ரீ, சிசிஅவென்யூ போன்றவை இத்தொழிலில் உள்ளவை. இவர்களுக்கான விதிகளை ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் வெளியிட்டது. வாங்குபவரின் பணம் முதலில் வங்கி ஒன்றில் தனிக் கணக்கில் நின்று, பிறகே உங்களுக்கு வரும். நிறுவனம் அதைத் தன் செலவுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. அனுமதி பெற்றவர்களின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் வலைத்தளத்தில் இருக்கிறது. யாரோ போன் செய்து சலுகை தருகிறார்கள் என்று சேராமல் அதைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

சேர பான் கார்டு, வங்கிக் கணக்கு விவரம், முகவரிச் சான்று கேட்பார்கள். வியாபாரம் நடப்பதற்கு அத்தாட்சியாக உத்யம் பதிவையோ ஷாப் ஆக்ட் ரசீதையோ கேட்பதும் உண்டு. உத்யம் பதிவு இலவசம். மகாராஷ்டிராவின் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறைந்த ஆட்களே வேலை செய்யும் சிறு கடை, தகவல் தெரிவித்தாலே போதும். ஏஜெண்டுக்கு ஆயிரக்கணக்கில் அழ வேண்டாம். வலைத்தளத்தில் உங்கள் முகவரி, போன் எண், பணம் திருப்பித் தரும் விதி ஆகியவை இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். "விற்ற பலகாரம் திரும்பப் பெறப்படாது" என்பதானாலும் எழுதி வைக்கத்தான் வேண்டும்.

வலைத்தளத்தில் மாற்றம் செய்யத் தெரியாதவர்கள் பேமென்ட் லிங்க் முறையில் தொடங்கலாம். ஆர்டர் வந்ததும் அந்தத் தொகைக்கு ஓர் இணைப்பு உருவாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால், வாங்குபவர் யுபிஐ, கார்டு எதிலும் கட்டலாம். கட்டியதும் கேட்வேயின் பக்கத்தில் உங்களுக்குத் தெரியும். ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டாம். நம்மில் பெரும்பாலோருக்கு இதற்கு மேல் தேவைப்படாது என்பது என் அபிப்பிராயம்.

வலைத்தளத்திலேயே கட்டி முடிக்கும் வசதி வேண்டுமென்றால், செய்துதரும் பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. தொகையைக் கணக்கிடுவது யார்? வாங்குபவரின் திரையிலிருந்து வரும் தொகையை நம்பினால், விஷயம் தெரிந்தவர் 600-ஐ 6 ஆக்கிவிடுவார். எந்தப் பொருள், எத்தனை என்பதை மட்டும் வாங்கிக்கொண்டு, விலையை நம் சர்வர் போட வேண்டும். அடுத்து, "நன்றி" என்ற பக்கம் திறந்துவிட்டாலே பணம் வந்ததாகக் குறித்துக்கொள்கிறதா? அந்தப் பக்கம் திறப்பது வாங்குபவரின் போனில். பழைய ஸ்கிரீன்ஷாட் கதைதான். பணம் கட்டியதும் கேட்வே தன் சர்வரிலிருந்து நம் சர்வருக்கு நேராக ஒரு செய்தி அனுப்பும். வெப்ஹுக் என்பார்கள். அதில் ரகசியச் சாவியால் இட்ட முத்திரை இருக்கும். முத்திரையும் தொகையும் ஆர்டர் எண்ணும் ஒத்துவந்தால்தான் "பணம் வந்தது" என்று எழுத வேண்டும். நம் பழைய ஒப்புதல் சீட்டு இதுதான். அதே செய்தி சில சமயம் இரண்டு முறை வரும். அதற்காக இரண்டு டப்பா அதிரசம் போய்விடக் கூடாது. ரகசியச் சாவி எக்காரணம் கொண்டும் எல்லோரும் பார்க்கும் பக்கத்தின் நிரலில் இருக்கக் கூடாது.

கார்டு எண்களை நீங்கள் குறித்து வைக்கவே வேண்டாம். 2022 அக்டோபர் 1 முதல், கார்டு கொடுத்த வங்கியும் கார்டு நிறுவனமும் தவிர வேறு யாரும் அவற்றைச் சேமிக்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. போனில் எண்ணைச் சொல்லும் வாடிக்கையாளரையும் தடுத்துவிடுங்கள்.

செலவு எவ்வளவு? கார்டுக்குக் கட்டணம் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 1,000 ரூபாய்க்கு 20 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 3 ரூபாய் 60 காசு. கைக்கு வருவது 976 ரூபாய் 40 காசு. வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ மூலம் கட்டுவதற்கு வியாபாரிக் கட்டணம் 2020 ஜனவரி 1 முதல் இல்லை. ஆனால் கேட்வே தன் சேவைக்கென்று ஏதாவது கேட்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பணம் உங்கள் கணக்குக்கு வர ஓரிரு வேலைநாட்கள் ஆகலாம். தீபாவளிக்கு வெல்லமும் எண்ணெயும் வாங்க அந்தப் பணத்தையே நம்பியிருந்தால் சிரமம். சென்னைக்கும் பெங்களூருக்கும் பொருள் அனுப்பினால் வெளிமாநில விற்பனை. விற்றுமுதல் சிறிதானாலும் ஜி.எஸ்.டி. பதிவு பற்றி முதலிலேயே ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.

பணம் பிடித்துவிட்டது, ஆனால் வலைத்தளம் "வரவில்லை" என்கிறது: இப்படியும் நடக்கும். வாங்குபவரிடம் கோபப்படாமல், மறுபடி கட்டச் சொல்லாமல், கேட்வேயில் அந்த ஆர்டரின் நிலையைப் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் உத்தரவுப்படி, யுபிஐயில் வியாபாரிக்கு உறுதிச் செய்தி சேராத பணம், பரிமாற்ற நாளிலிருந்து 5 நாட்களுக்குள் தானே திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொன்னால் பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

இன்னொரு பக்கத்து ஏமாற்று: "மாமி, உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், பின் நம்பரைப் போடுங்கள்" என்பார்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டால் போவது உங்கள் பணம். ஏமாந்துவிட்டால் அன்றே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது பேமென்ட் லிங்க்தான். அடுப்படிச் சுவரில் ஆர்டர் எண்கள் எழுதிய தாள் ஒட்டியிருக்கும். கேட்வேயில் பார்த்து மகன் டிக் போட்ட எண்ணுக்குத்தான் பொட்டலம். நீங்களும் தொடங்குவதானால் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே, பக்கத்து வீட்டுப் போனிலிருந்து ஒரு சின்னத் தொகையைக் கட்டச் செய்து, அது கணக்குக்கு எத்தனை நாளில் வருகிறது, திருப்பி அனுப்பினால் அவருக்கு எத்தனை நாளில் போகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.