எது மிகுதியாகக் கொள்ளும்?

வீட்டில் இரு பிள்ளைகள் பாலுக்காகக் காத்திருக்கின்றனர். தாய் ஒரே கரண்டியால் அளந்து இருவருக்கும் ஊற்றுகிறாள். மூத்தவனுக்குக் கிடைப்பது உயர்ந்து ஒடுங்கிய குவளை; இளையவனுக்குக் கிடைப்பது அகன்று தாழ்ந்த கிண்ணம். உடனே இளையவன், "அண்ணனுக்கு நிறைய, எனக்குக் கொஞ்சம்" என்று அழத் தொடங்குகிறான். இரண்டும் ஒன்றே என்று தாய் எத்தனை முறை கூறினும் அவன் ஏற்பதில்லை. பிள்ளைக்குப் பேராசை என்று பாட்டி நகைக்கிறாள். பொறாமை என்று தந்தை கடிந்துகொள்கிறார். நான்கு வயதுப் பிள்ளையிடம் இவ்விரு குற்றங்களையும் காண்பது முறையன்று. தன் கண்ணுக்குப் பட்டதை அவன் நேர்மையாகவே கூறுகிறான். உயரத்தைக் கண்ட கண், அகலத்தை இன்னும் காணவில்லை.

குழந்தையின் இவ்வியல்பை முறையாக ஆராய்ந்தவர் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஜீன் பியாஜே (1896–1980). குழந்தைகள் எண்ணையும் அளவையும் உணரும் வகையைப் பற்றி, அலினா செமின்ஸ்கா என்னும் அம்மையாருடன் இணைந்து 1941-ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் வெளியிட்டார். அதில் கூறப்படும் சோதனை மிக எளியது. ஒரே வடிவுடைய இரு கண்ணாடிக் குவளைகளில் ஒரே மட்டத்துக்கு நீர் ஊற்றப்படுகிறது. இரண்டிலும் சமமாக உள்ளது என்பதைக் குழந்தையே ஒப்புக்கொள்கிறது. பின்னர் அதன் கண்ணெதிரிலேயே ஒரு குவளையின் நீர் ஒடுங்கிய நெடுங்குவளைக்கு மாற்றப்படுகிறது. "இப்பொழுது எதில் மிகுதி?" என்று வினவினால், நான்கைந்து வயதுக் குழந்தைகளுள் பெரும்பாலோர் நெடுங்குவளையையே சுட்டிக்காட்டுகின்றனர். ஒரு துளியும் சேர்க்கப்படவில்லை, ஒரு துளியும் சிந்தவில்லை என்பதை அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தனர்.

இதனினும் வியப்பானது மணிகளைக் கொண்டு செய்த சோதனை. குழந்தை இரு கைகளாலும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு மணியாக எடுத்து, ஒன்றை நெடுங்குவளையிலும் ஒன்றை அகன்ற குவளையிலும் இடுகிறது. இங்கு ஒன்று விழுந்தால் அங்கும் ஒன்று விழுகிறது. தன் கையாலேயே சமமாக இட்ட பின்னரும், மணிகள் உயர்ந்து நிற்கும் குவளையில்தான் மிகுதி என்று சிறு குழந்தை சாதிக்கிறது. ஏழு அல்லது எட்டு வயதை அடையும்போது விடை மாறுகிறது. "இது உயரம், ஆனால் ஒல்லி" என்றோ, "திருப்பி ஊற்றினால் பழையபடியே இருக்கும்" என்றோ அக்குழந்தை காரணமும் கூறத் தொடங்குகிறது. இவ்விரு விடைகளில் பின்னது மிக அழகியது. செய்த செயலை மனத்துக்குள்ளேயே திருப்பிச் செய்து பார்க்கும் ஆற்றல் அதில் வெளிப்படுகிறது.

அப்படியாயின் ஏழு வயது வரும்வரை வாளா இருப்பதுதான் வழியா? பியாஜேக்குப் பின் வந்தோர் இவ்வினாவை எழுப்பினர். அமெரிக்க உளவியல் அறிஞர் ஜெரோம் புரூனரும் அவருடன் பணியாற்றியோரும் தம் ஆய்வுகளை 1966-இல் நூலாக வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றில், நீரை மாற்றும்போது நீர்மட்டம் தெரியாதவாறு குவளைகள் ஒரு திரையால் மறைக்கப்பட்டன. கண் ஏமாறுவதற்கு வழியில்லாதபோது, முன்பு தவறிய குழந்தைகள் பலர் "அதே நீர்தானே" என்று சரியாகவே கூறினர். திரையை எடுத்ததும் நான்கு வயதினர் பழைய விடைக்கே திரும்பினர். சற்று மூத்தவர்களோ தாம் கூறியதில் உறுதியாக நின்றனர். அதே நூலில் பட்ரீசியா கிரீன்ஃபீல்டு என்னும் அம்மையார், ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டு வோலோஃப் மக்களின் குழந்தைகளிடையே கண்டதையும் கூறுகிறார். ஆய்வாளர் ஊற்றிக் காட்டியபோது தவறாக விடை கூறிய குழந்தைகளைக் காட்டிலும், தாமே ஊற்றிய குழந்தைகளுள் மிகப் பலர் சரியாக விடை கூறினராம். வேறொருவர் ஊற்றும்போது ஏதோ மாயம் நிகழ்ந்துவிட்டதாகக் குழந்தை எண்ணுகிறது. தன் கை ஊற்றும்போது அந்த ஐயம் எழுவதில்லை.

ஆகவே, கொள்ளளவைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர் முதலில் தேட வேண்டியது கரும்பலகையை அன்று. ஒரு தொட்டி நீரையும் பல வடிவப் பாத்திரங்களையுமே. இத்தாலிய நாட்டு மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி அம்மையார், 1907-இல் உரோமை நகரில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலிருந்தே கைச்செயலுக்குப் பெருமதிப்பு அளித்தவர். தானியத்தையும் நீரையும் ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்குச் சிந்தாமல் ஊற்றுவது அவருடைய முறையில் ஒரு முதற்பயிற்சி. அவர் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

கற்பிக்கும் வரிசையும் கருதத் தக்கது. தொடக்கத்தில் எண் வேண்டுவதில்லை. சொம்பையும் குடத்தையும் போல வேறுபாடு வெளிப்படையாகத் தெரியும் இரண்டைக் காட்டி, எது மிகுதியாகக் கொள்ளும் என்று கேட்டால் போதும். பின்னர்க் கண்ணால் எளிதில் முடிவு செய்ய இயலாத இரண்டைத் தர வேண்டும். குழந்தை முதலில் ஊகித்துச் சொல்லட்டும். அதன்பின் ஒன்றை நிரப்பி மற்றொன்றில் ஊற்றட்டும். ஊகம் தவறினால் ஆசிரியர் "தவறு" என்று கூறத் தேவையில்லை. வழிந்தோடும் நீரே அதைக் கூறிவிடும்.

இங்கே ஆசிரியர் பலர் கவனியாத ஒரு தடை உண்டு. செம்பை நிரப்பிக் கிண்ணத்தில் ஊற்றுகையில் கிண்ணம் வழிந்தால், மிகுதியாகக் கொள்வது எது? செம்பு என்பது பெரியோர்க்குத் தெளிவு. குழந்தைக்கோ வழிகின்ற கிண்ணமே கண்முன் நிறைந்து நிற்கிறது. ஆதலின் கிண்ணமே பெரிது என்று அது கூறக்கூடும். கிண்ணம் நிரம்பிய பின் செம்பின் அடியில் எஞ்சியிருக்கும் நீரைக் காட்டி, "இந்த நீருக்கு இடம் எங்கே?" என்று கேட்பது இக்குழப்பத்தைத் தீர்க்கும். வழிவதற்குச் சற்று முன்பே ஊற்றுவதை நிறுத்தப் பழக்கினால் நீரும் வீணாகாது, பாடமும் தெளிவாகும்.

அடுத்த படியில்தான் எண் வருகிறது. ஒரு சிறு குவளையால் முகந்து முகந்து இரு பாத்திரங்களையும் நிரப்பி, எத்தனை குவளை என்று எண்ணினால், அருகருகே வைக்க இயலாத பாத்திரங்களையும் ஒப்பிடலாம். ஆனால் முகக்கும் குவளை ஒன்றாகவே இருத்தல் வேண்டும்; ஒவ்வொரு முறையும் விளிம்பு மட்டும் நிறைந்திருத்தலும் வேண்டும். ஒரே வாளியை ஒரு மாணவி 12 குவளை என்றும் மற்றொருத்தி 20 குவளை என்றும் கணக்கிட்டால் வகுப்பில் பூசல் எழும். அப்பூசல் நல்லது. முகந்த குவளை சிறிதானால் எண்ணிக்கை பெருகும் என்பதும், எல்லோர்க்கும் பொதுவான ஓர் அளவு வேண்டும் என்பதும் அதிலிருந்தே வெளிப்படும். லிட்டர் என்னும் சொல்லை ஆசிரியர் அன்றைக்குக் கூறினால், அது மனத்தில் நிலைக்கும்.

உயரத்தைக் கண்டு மயங்குவது குழந்தைகள் மட்டுமல்லர். நெடுநாளாகப் பொதுமக்கள் வியந்துவந்த ஒரு செய்தியைக் கலீலியோ, 1638-இல் வெளியான தம் நூலில் விளக்குகிறார். நீளமும் அகலமும் வேறுபட்ட ஒரே துணியைக் கொண்டு தானியப் பை தைக்கும்போது, குட்டைப் பக்கத்தை உயரமாக வைத்துத் தைத்த பையே மிகுதியாகக் கொள்ளும் என்பதே அச்செய்தி. இதனை வகுப்பிலேயே சோதிக்கலாம். 40 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ள அட்டைகள் இரண்டை எடுத்து, ஒன்றை நெடிய குழலாகவும் மற்றொன்றைக் குட்டைக் குழலாகவும் சுருட்டி, ஒரு தட்டில் நிறுத்தி அரிசியால் நிரப்பினால், நெடியது ஏறத்தாழ ஒன்றேகால் லிட்டரும் குட்டையானது ஏறத்தாழ இரண்டரை லிட்டரும் கொள்ளும். ஒரே அட்டை, கொள்வதோ இருமடங்கு! உயரம் இருமடங்கானால் கொள்ளளவு இருமடங்கே ஆகும். ஆனால் சுற்றளவு இருமடங்கானால் அடிப்பரப்பு நான்கு மடங்காகிறது. கணக்கறிந்த மேல்வகுப்பு மாணவருள்ளும் இதைச் செய்து பார்க்கும் முன் சரியாக ஊகிப்போர் சிலரே.

தமிழகத்துப் பழைய அளவைகள் குழந்தைக்குக் கற்பிக்க மிகவும் ஏற்றவை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி, அதாவது படி. எட்டுப் படி ஒரு மரக்கால். இரண்டிரண்டாகப் பெருகும் இவ்வரிசையை அடுக்களையில் தானியம் அளந்தே பிள்ளைகள் அறிந்துகொண்டனர். ஆயினும் இவற்றில் ஒரு பெருங்குறை இருந்தது. படியின் அளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. இன்ன மரக்கால் என்று பெயர் சொல்லி அளக்கும் தேவை பண்டே இருந்திருக்கிறது. இராசராச சோழன் எடுப்பித்த தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டுகள், 'ஆடவல்லான்' என்னும் மரக்காலைப் பெயர் சுட்டியே குறிக்கின்றன. நாடு முழுவதற்கும் ஒரே அளவை என்னும் நிலைக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. படியின் இடத்துக்கு லிட்டர் வந்தது.

அளவை வேறுபட்டால் இழப்பு யாருக்கு? கூலி நெல்லாக அளக்கப்பட்ட காலத்தில், நாள் முழுதும் வயலில் உழைத்தவரின் அடுப்பு அந்த மரக்காலை நம்பியே எரிந்தது. முத்திரையிட்ட மரக்காலால் அளக்க வேண்டும் என்று தஞ்சை வட்டாரத்து உழவுத் தொழிலாளர் கோரியதன் பொருள் இங்கே விளங்கும். முத்திரை இருந்தாலும் ஏமாற்றுக்கு ஓர் இடம் எஞ்சுகிறது. நெல் நீரைப் போன்றதன்று; விளிம்புக்கு மேலும் குவிந்து நிற்கும். தலைதட்டி அளப்பது ஒன்று. குவித்து அளப்பது வேறொன்று. தலைதட்டினால் ஒரே அளவு கொள்ளும் இரு மரக்கால்களுள், வாய் அகன்றதன்மேல் குவியும் நெல் மிகுதி. குவியலின் சரிவு ஒன்றாக இருக்குமாயின், வாயின் விட்டம் இருமடங்கானால் மேலே குவியும் நெல் எட்டு மடங்காகும். வாய் அகன்றதில் குவித்து வாங்கி, வாய் குறுகியதில் தலைதட்டிக் கொடுப்பவர், இரண்டையும் "ஒரு மரக்கால்" என்றே கணக்கில் எழுதிவிட முடியும்.