கடை எதற்காக நடக்கிறது? சிறுதொழிலுக்கு ஒரு நோக்க வாசகம் எழுதும் முறை

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடைகளின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்து பாருங்கள். ஆண்டாள் பெயர் இருக்கும், கோபுரப் படம் இருக்கும், 'ஒரிஜினல்', 'சுத்தமான', 'பாரம்பரிய' என்ற சொற்கள் இருக்கும். பக்கத்துக் கடைக்கும் இந்தக் கடைக்கும் என்ன வித்தியாசம் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. உள்ளே போய்க் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால் பத்து நிமிடம் சொல்வார்: பால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, சர்க்கரையை எந்தப் பதத்தில் போடுகிறார், விறகடுப்பை ஏன் விடவில்லை. எல்லாம் அவர் மனதில் தெளிவாக இருக்கிறது. எழுத்தில் இல்லை. மகனோ புதிதாகச் சேர்ந்த ஆளோ கல்லாவில் உட்காரும் அன்றைக்கு அதில் பாதி காணாமல் போய்விடுகிறது.

நோக்க வாசகம் என்றால் பெரிய கம்பெனிகள் ஆண்டறிக்கையில் அச்சடிக்கும் அலங்காரம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். என் கருத்தில் அது அதிகம் உதவுவது நான்கைந்து பேர் வேலை செய்யும் கடைக்கும் பட்டறைக்கும்தான். பெரிய நிறுவனத்தில் எதற்கும் ஒரு விதி, அதைக் கவனிக்க ஒரு அதிகாரி. சிறு கடையில் அந்த நேரத்தில் கடையில் இருப்பவர் எடுப்பதுதான் முடிவு. அவர் எதைப் பார்த்து முடிவெடுப்பார்? எழுதிய இரண்டு வரி இருந்தால் அதைப் பார்த்து.

இதற்கு உலகமே எடுத்துக்காட்டும் ஒரு வாசகம் பக்கத்திலேயே, மதுரையில் பிறந்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் நோக்கம் ஒரே வரி: தேவையற்ற பார்வையிழப்பை ஒழிப்பது. கண்புரையால் வரும் பார்வையிழப்பை ஒரு சிறிய அறுவை சிகிச்சையில் சரிசெய்துவிடலாம். பணமோ வழியோ இல்லாததால் ஒருவர் இருட்டில் இருக்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள். நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல் கிராமம் கிராமமாக முகாம் நடத்த வேண்டும் என்பது அந்த வரியிலிருந்தே வந்தது. கட்டணம் கொடுப்பவரின் வருமானத்தில் கொடுக்க முடியாதவருக்கும் சிகிச்சை என்ற ஏற்பாடும் அப்படித்தான். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளிநாட்டு விலையில் வாங்கினால் இது நடக்காது என்று தெரிந்ததும், 1992-இல் ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி மதுரையிலேயே லென்ஸ் செய்தார்கள். கண் மருத்துவமனை ஒன்று லென்ஸ் தயாரிப்பில் இறங்கலாமா என்ற கேள்விக்கு அந்த ஒரு வரியிலேயே விடை இருந்தது. அடுத்து என்ன செய்வது என்று சொல்லும் வாசகமே உபயோகமான வாசகம்.

இனி உங்கள் கடைக்கு வருவோம்.

முதலில் கேளுங்கள், பிறகு எழுதுங்கள்

பேனாவோடு தனியாக உட்கார்ந்தால் எல்லோர் கையிலிருந்தும் ஒரே மாதிரி வரிதான் வரும். அதனால் ஒரு வாரம் எதையும் எழுதாதீர்கள். கடைக்கு வருகிறவர் என்ன கேட்கிறார், நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள் என்பதை அவர்கள் பேசியபடியே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பால்கோவாக் கடையில் அடிக்கடி காதில் விழும் உரையாடல் இப்படி இருக்கும்:

"அண்ணாச்சி, பொதிகை ரயில்ல சென்னைக்குப் போறோம். தாங்குமா?"

"இன்னிக்குக் காலையில கிண்டினது. நேரா வீட்டுக்குப் போறதா இருந்தா இப்பவே எடுத்துக்கிடுங்க. குற்றாலம், தென்காசின்னு சுத்திட்டுப் போறதா இருந்தா, கிளம்புற அன்னைக்கு வந்து வாங்கிக்கிடுங்க."

கையிலிருக்கும் வியாபாரத்தை அவர் தள்ளிப்போடுகிறார். பெட்டியை வீட்டில் திறக்கும்போது கோவா கெட்டிருக்கக் கூடாது என்பது அவருக்கு அன்றைய விற்பனையைவிடப் பெரிது. அந்தக் கடையின் நோக்கம் இதுதான். அவர் அதை நோக்கம் என்று நினைத்ததில்லை, அவ்வளவே.

வேலை செய்கிறவர்களையும் விட்டுவிடாதீர்கள். துடுப்பைப் பிடித்து அடுப்பின் முன் நிற்பவருக்கு, பால் கொண்டுவருபவருக்கு, பெட்டி கட்டும் பெண்ணுக்கு, கடை எதில் விட்டுக்கொடுக்காது என்பது முதலாளியைவிட நன்றாகத் தெரியும். "நம்ம கடையில எதைச் செஞ்சா முதலாளிக்குக் கோபம் வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். 'பால் திக்கா இல்லன்னா திருப்பி அனுப்பிருவாரு', 'அடி பிடிச்சதை நல்லதோட கலக்க விடமாட்டாரு' என்று பதில் வரும். வாசகத்துக்கான சரக்கு பெரும்பாலும் இதில்தான் கிடைக்கும்.

நான்கு கேள்விகள்

நோட்டை வைத்துக்கொண்டு இவற்றுக்குப் பதில் எழுதுங்கள்: யாருக்காக இந்தத் தொழில்? அவருக்கு என்ன கிடைக்கிறது? அதை எப்படிச் செய்கிறோம்? லாபம் வந்தாலும் எதைச் செய்ய மாட்டோம்?

முதல் கேள்விக்கு 'எல்லோருக்கும்' என்று எழுதினால் மற்ற மூன்றுக்கும் பதில் வராது. கோயிலுக்கு வந்து ஊர் திரும்பும் வெளியூர்க்காரருக்கு விற்கும் கடை வேறு. உள்ளூர் வீட்டுக்கு மாலைப் பலகாரம் கொடுக்கும் கடை வேறு. முன்னதற்குப் பெட்டியும் தேதியும் முக்கியம், பின்னதற்குக் கால் கிலோ விலை முக்கியம். இரண்டும் செய்யலாம், ஆனால் முதலில் யாரை நினைத்துக் கிண்டுகிறீர்கள் என்று தெரிய வேண்டும்.

மூன்றாவது கேள்வியில் இந்த ஊர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் எல்லோருக்கும் பெருமைதான். அந்தக் குறியீட்டை முறையாகப் பயன்படுத்த, அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் ஊர்ப்பெயர் இங்குள்ள தயாரிப்பாளர்கள் எல்லோருக்கும் பொது. 'புகழ்பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வழங்குகிறோம்' என்று எழுதினால் அது ஊரின் வாசகம், உங்கள் கடையின் வாசகம் அல்ல.

சட்டம் கட்டாயமாக்கியதை வாக்குறுதியாக எழுதுவதும் சரியல்ல. தட்டில் வைத்து எடை போட்டு விற்கும் இனிப்புக்கும், எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைப்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக்கியது. அதைச் செய்வது கடமை. கிண்டிய நாளையும் நீங்களாகவே வாய்திறந்து சொல்கிறீர்களென்றால், அது உங்கள் வாக்குறுதி.

முதல் வரைவும் அதைக் கிழிப்பதும்

பெரும்பாலான முதல் வரைவு இப்படி வரும்: 'தரமான பொருளை நியாயமான விலையில் வழங்கி, வாடிக்கையாளர் திருப்தியையே முதன்மை நோக்கமாகக் கொண்டு, சமுதாய வளர்ச்சிக்குப் பாடுபடுவோம்.' இதை சிமெண்ட் கடையில் மாட்டலாம், டுடோரியல் வாசலில் மாட்டலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கடையின் பெயரை மறைத்துவிட்டுப் படிக்கும்போது என்ன தொழில் என்று தெரியாவிட்டால் அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். 'தரம்' என்று எழுதிய இடத்திலெல்லாம் அந்தத் தரம் எதில் தெரியும் என்பதை எழுதுங்கள். பாலிலா, பதத்திலா, எடையிலா, நேரத்திலா?

மேலே பார்த்த கடைக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

'சுற்றுவட்டாரப் பசும்பாலும் சர்க்கரையும் மட்டும் சேர்த்து, விறகடுப்பில் நாங்களே கிண்டிய பால்கோவாவைக் கிண்டிய நாளைச் சொல்லி விற்கிறோம். ஆண்டாளைச் சேவித்துவிட்டு ஊர் திரும்புகிறவர் வீட்டில் பெட்டியைத் திறக்கும்போது, இங்கே ருசி பார்த்த அதே கோவா உள்ளே இருக்க வேண்டும்.'

நான்கு கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. 'மட்டும்', 'நாங்களே' என்ற இரண்டு சொற்களும் செய்ய மாட்டோம் என்பதைச் சொல்லிவிடுகின்றன: வேறு எதையும் கலக்க மாட்டோம், வெளியில் வாங்கி எங்கள் பெட்டியில் போட மாட்டோம். 

எல்லாத் தொழிலுக்கும் இதே சாயல் பொருந்தாது. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் விசைத்தறியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அங்கே கடைவாசலில் வந்து ருசி பார்க்கும் வாடிக்கையாளர் கிடையாது. வாங்குவது மருந்துப் பொருள் நிறுவனமோ மருத்துவமனையோ. துணியைப் பயன்படுத்துவது எங்கோ ஒரு நர்ஸ், அது படுவது ஒரு நோயாளியின் புண்ணில். அந்தப் பட்டறைக்கு உருக்கமான வாசகம் வேண்டாம். 'கேட்ட இழை எண்ணிக்கையில், கேட்ட அகலத்தில், கறையும் அறுந்த இழையும் இல்லாத துணியைச் சொன்ன தேதியில் அனுப்புவோம். புண்ணில் வைக்கத் தயங்கும் துணி எங்கள் தறியிலிருந்து வெளியே போகாது.' இவ்வளவு போதும். தறியில் நிற்பவருக்கும் புரியும், ஆர்டர் கொடுப்பவருக்கும் புரியும்.

ஆடிப்பூரச் சோதனை

எழுதிய வாசகத்தை இனி வருடத்தின் மிக நெருக்கடியான நாளில் நிறுத்திப் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அது ஆடிப்பூரத் தேரோட்டம். ஊர் கொள்ளாத கூட்டம், மதியத்துக்குள் தட்டு காலி, அடுப்பில் இருப்பது பதத்துக்கு வர இன்னும் நேரம் ஆகும். அப்போது ஒருவர் வேறு இடத்தில் கிண்டிய கோவாவைக் கொண்டுவந்து, 'உங்க பெட்டியில போட்டு வித்துக்கிடுங்க' என்கிறார். வாசகம் 'வாடிக்கையாளர் திருப்தி' என்று சொன்னால் வாங்கி விற்கவும் அது இடம் கொடுக்கும். 'நாங்களே கிண்டிய' என்று சொன்னால் இடம் கொடுக்காது. 'அடுத்த ஈடு இத்தனை மணிக்கு' என்று சிலேட்டில் எழுதி வைக்க வேண்டியதுதான். அந்த வியாபாரத்தை விட முடியாது என்று உங்களுக்குத் தோன்றினால், அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். காப்பாற்ற முடியாத சொல் வாசகத்தில் இருப்பதைவிட இல்லாமலிருப்பது நேர்மை.

சத்திரப்பட்டிப் பட்டறைக்கு அந்த நாள் நூல் விலை திடீரென்று ஏறும் நாளாக இருக்கும். ஒவ்வொரு தொழிலுக்கும் அப்படி ஒரு நாள் உண்டு.

வாய்விட்டுப் படியுங்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் தடுக்குகிறாரோ அந்தச் சொல் அங்கே வேண்டாம். இரண்டு வாக்கியம், மிஞ்சினால் மூன்று. 'ஐந்து வருடத்தில் மதுரையிலும் ஒரு கிளை' என்ற கனவு நல்லதுதான், அதை வேறு தாளில் எழுதுங்கள். பெட்டியில் போடும் விளம்பர வரியும் வேறு. அது வாங்குகிறவர் கண்ணைப் பிடிக்க எழுதுவது, வாசகம் உள்ளே இருப்பவர்கள் நடப்பதற்கு எழுதுவது.

கல்லாவுக்கு எதிரே, உங்கள் கண்ணில் படும்படி மாட்டுங்கள். வங்கிக் கடனுக்கோ மாவட்டத் தொழில் மையத்துக்கோ திட்ட அறிக்கை தயாரிக்கும்போது முதல் பக்கத்தில் இதையே வையுங்கள். யாருக்கு, என்ன, எப்படி என்பது மூன்று வரியில் தெரிந்தால் அறிக்கையைப் படிக்கும் அதிகாரிக்கு அடுத்த பக்கங்களின் கணக்கு எளிதாகப் புரியும்.

தொழில் மாறும்போது வாசகத்தையும் மாற்ற வேண்டும். கூரியரில் வெளிமாநிலத்துக்கு அனுப்ப ஆரம்பிக்கிறீர்கள் என்று வையுங்கள். வாங்குகிறவர் இனி ருசி பார்த்து வாங்கப்போவதில்லை, பெட்டி எத்தனை நாள் வழியில் கிடக்கும் என்பதும் உங்கள் கையில் இல்லை. 'இங்கே ருசி பார்த்த அதே கோவா' என்ற வரி அவருக்குப் பொருந்தாது. எத்தனை நாளில் போய்ச் சேரும் ஊர்களுக்கு மட்டும் அனுப்புவீர்கள், வழியில் கெட்டால் யார் பொறுப்பு என்பதை முடிவு செய்து, வாசகத்தைத் திருத்திவிட்டு, அதற்கப்புறம் பெட்டி அச்சடிக்கக் கொடுங்கள்.