கிணற்று நீருக்கும் கணக்கு உண்டு

கேள்வி: பி.எஸ்சி. வேளாண்மை இறுதியாண்டு படிக்கிறேன். வேளாண் பொருளாதாரத்தில் மேற்படிப்பு படிக்க ஆசை. ‘அதில் என்ன இருக்கிறது?’ என்கிறார்கள் வீட்டில். சேரலாமா?
– வாசகி ஒருவர், திருவாரூர்

பதில்: தாராளமாகச் சேருங்கள். விளைச்சல் கூடினால் விலை ஏன் சரிகிறது, பக்கத்துத் தோட்டத்து ஆழ்துளைக் கிணறு உங்கள் கிணற்றை வற்றவைத்தால் அந்த இழப்பு யார் கணக்கில் சேரும் என்றெல்லாம் கேட்கும் படிப்பு இது. தமிழ்நாட்டில் பாசன மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். கூடுதலாக ஒரு மணி நேரம் இறைத்தாலும் விவசாயிக்கு மின்செலவு இல்லை. பல வட்டாரங்களில் நிலத்தடி நீரோ இறங்கிக்கொண்டே போகிறது. சிறு விவசாயியின் வயிற்றில் அடிக்காமல் அந்த நீரைக் காப்பது எப்படி? இதற்கு விடை தேட, வயலும் தெரிந்து கணக்கும் தெரிந்த உங்களைப் போன்றவர்கள் வேண்டும்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்திலும் இதற்கு எம்.எஸ்சி. உண்டு. அமெரிக்காவில் பெர்க்லி, டேவிஸ் இரண்டிலும் தனித்துறையே இருக்கிறது. கலப்பின மக்காச்சோளம் பரவிய விதத்தை ஆராய்ந்து 1957-இல் புகழ்பெற்ற கட்டுரை எழுதிய ஸ்வி கிரிலிகஸ், பெர்க்லியில் வேளாண் பொருளாதாரம் படித்தவர்தான். அங்கே பிஎச்.டி. முடிக்க ஐந்தாண்டுக்கு மேலும் ஆகலாம். பெரும்பாலும் உதவித்தொகை கிடைக்கும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். வேளாண் பட்டப்படிப்பில் கணிதம் குறைவு. அந்தத் துறைகளோ நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், புள்ளியியல் மூன்றையும் எதிர்பார்க்கும். கடைசிப் பருவம் முடியட்டும் என்று காத்திராமல், நுண்கணிதத்தை இந்த மாதமே தொடங்கிவிடுங்கள்.