பழைய புல்லட் சொன்னபடி கேட்க: இளையவர்களுக்குப் பதினொரு அறிவுரைகள்

எங்கள் திருவனந்தபுரம் வலியசாலைத் தெருக்களில் அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய பழைய புல்லட்டைத் துடைத்து மறுபடி ஓட்ட ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் வந்து முதலில் கேட்பது, “எந்த ஷாக் அப்சார்பர் வாங்கலாம், மாமா?” என்பதுதான். அந்த ஆசை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஷாக் வாங்குவது கடைசி வேலை.

1949-ல் இங்கிலாந்தின் ரெடிச்சில் இந்த வடிவில் புல்லட் வந்தபோதே அதன் பின்சக்கரம் ஸ்விங் ஆர்மில் ஆடியது. அன்று பல வண்டிகளுக்குப் பின்பக்கம் ஸ்பிரிங்கே கிடையாது. 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் வண்டி தயாரானபோதும் அதே அமைப்புதான். வார்ப்பிரும்பு எஞ்சின் நின்றுபோகும் வரை அடிப்படை பெரிதாக மாறவில்லை. மாற்ற அவசியம் இல்லாத அளவுக்கு அது நன்றாகவே இருந்தது. உங்கள் வண்டி இன்று தள்ளாடுகிறது என்றால் பழி வடிவமைப்பின் மேல் இல்லை, தேய்மானத்தின் மேல்தான். பிறந்த நாளில் இருந்த நிலைக்கு வண்டியை முதலில் கொண்டுவாருங்கள். மேம்படுத்துவது அதன் பிறகு.

1. பணத்தை எடுக்கும் முன் தேய்மானத்தைத் தேடுங்கள்.
வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஒரு மாலை முழுக்க அதோடு செலவிடுங்கள். இரண்டு சக்கரங்களையும் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்போக்கையும் ஸ்பேனரால் மெல்லத் தட்டுங்கள். இறுகிய ஸ்போக் கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாகச் சத்தமிடும். கண்டதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்தப் பட்டியல்தான் உங்கள் வேலைத் திட்டம்.

2. முதல் செலவு டயருக்கு.
ஓடாமல் நின்ற வண்டியின் டயரில் பட்டன் ஆழமாக இருக்கும், ரப்பர் மட்டும் மரத்துப் போயிருக்கும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கிறதா பாருங்கள். முதல் இரண்டு தயாரான வாரம், பின் இரண்டு ஆண்டு. “2316” என்றால் 2016-ன் 23-வது வாரம். இடவப்பாதி மழையில் நனைந்த சாலையில் மரத்துப்போன டயர் பிடிக்காது. எந்த ஷாக் போட்டாலும் பிடிக்காது. காற்றிலும் கவனம் வேண்டும். ஸ்டாண்டர்டு புல்லட்டுக்குக் கையேடு சொல்வது முன்னால் 18 பிஎஸ்ஐ, பின்னால் 28, பின்சீட்டில் ஆள் இருந்தால் பின்னால் 30. பங்கில் கேட்காமல் விட்டால் இரண்டுக்கும் ஒரே அளவு அடித்துவிடுவார்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது நீங்களே அளந்து பாருங்கள்.

3. எஞ்சின் போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள்.
இதைப் பலர் நினைப்பதே இல்லை. பழைய புல்லட்டில் எஞ்சினுக்கு அடியில் ஃபிரேம் குழாய் ஓடாது. முன் குழாய் கீழே வந்து எஞ்சினோடு முடிகிறது, எஞ்சினே ஃபிரேமின் ஒரு துண்டாக நின்று பாரம் தாங்குகிறது. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தளர்ந்தால் முன்பாதியும் பின்பாதியும் தனித்தனியாக அசையும். திருப்பத்தில் வண்டி நெளிவது போல இருந்தால் முதலில் இங்கே பாருங்கள். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

4. ஹேண்டில் கழுத்தின் கோன் செட்டை விரலால் கேளுங்கள்.
எஞ்சினுக்கு அடியில் கனமான பலகை வைத்து, அதன் கீழே ஜாக்கி கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். பலகை இல்லாமல் ஜாக்கியை நேரடியாக வைத்தால் கிராங்க் கேஸில் விரிசல் விழுந்துவிடும். இப்போது ஹேண்டில் பாரை இரண்டு விரலால் மட்டும் பிடித்து இடமும் வலமும் மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்து எழுவது போல விரலில் தட்டுப்படுகிறதா? பல வருஷம் ஒரே இடத்தில் அடிவாங்கிய குண்டுகள் கிண்ணத்தில் குழி பறித்துவிட்டன என்று அர்த்தம். அந்த வண்டி நேராகவும் போகாது, சுகமாகத் திரும்பவும் திரும்பாது. இறுக்கிச் சமாளிக்க வேண்டாம், செட்டையே மாற்றுங்கள். புல்லட்டுக்கு டேப்பர் ரோலர் பேரிங்கும் கிடைக்கிறது. நான் மனதாரப் பரிந்துரைக்கும் முதல் மேம்பாடு அதுதான். மாட்டிய பின் நடுவிலிருந்து சற்றே தள்ளிவிட்டால் ஹேண்டில் தன் எடையிலேயே ஓரத்துக்கு விழ வேண்டும். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் ‘டொக்’ என்ற ஆட்டம் இருக்கக் கூடாது. இரண்டும் ஒருசேரக் கிடைக்கும் வரை பொறுமையாகச் சரிசெய்யுங்கள்.

5. ஸ்விங் ஆர்மின் ஆட்டத்தைச் சக்கரத்தின் ஆட்டத்தோடு குழப்பாதீர்கள்.
பின்சக்கரத்தை ஒருவர் பக்கவாட்டில் அசைக்கட்டும். நீங்கள் ஸ்விங் ஆர்ம் ஃபிரேமோடு சேரும் மூட்டில் விரல் வையுங்கள். அசைவு அங்கே தெரிந்தால் புஷ் போய்விட்டது. அங்கே அமைதியாக இருந்து சக்கரம் மட்டும் ஆடினால் வீல் பேரிங். கடல்காற்றில் ஈரம் அதிகமுள்ள ஊர் நம்முடையது, நடு அச்சுத் துருப்பிடித்து உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சுத்தியலால் அடிக்கும் முன் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருங்கள்.

6. ஃபோர்க் ஆயிலை மாற்றுங்கள், கெட்டியாக்கி ஏமாறாதீர்கள்.
ஃபோர்க்கின் அடித் திருகைக் கழற்றியதும் வருவதைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், நாற்றத்தோடு, அடியில் உலோகத் தூள் மின்ன வந்தால் அது எண்ணெயின் வேலையைச் செய்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும். அமுங்கிய ஸ்பிரிங் துள்ளி எழாமல் அடக்குவது எண்ணெய். இரண்டு வேலையும் வேறு வேறு. முன்பக்கம் மொத்தமாக அமுங்கினால் அது ஸ்பிரிங் தளர்ந்ததன் குறி. அங்கே கெட்டி எண்ணெய் ஊற்றினால் அமுங்குவதும் நிற்காது, சிறு குழிகளில் மணிக்கட்டும் நோகும். கையேடு சொல்லும் தரத்தில், சொல்லும் அளவில், இரண்டு காலிலும் ஒரே மட்டத்தில் ஊற்றுங்கள். ஆயில் சீலையும் சேர்த்தே மாற்றுங்கள்.

சக்கரத்தை மாட்டும்போது அச்சைப் பிடிக்கும் அடி மூடிகளை உடனே முறுக்கிவிடாதீர்கள். வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தைச் சில தடவை அமுக்கி எழவிடுங்கள். இரண்டு கால்களும் தமக்குள் இணையாக நின்றுகொள்ளும். அதன் பிறகு முறுக்குங்கள். இதைச் செய்யாத ஃபோர்க் புது எண்ணெயிலும் சிக்கிச் சிக்கித்தான் ஏறி இறங்கும்.

வடித்த எண்ணெயை ஓடையில் விடாதீர்கள். நம் தெருவின் ஓடை கிள்ளியாற்றுக்கும், கிள்ளியாறு கரமனையாற்றுக்கும் போகிறது. பழைய கேனில் அடைத்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் ஒர்க் ஷாப்பில் கொடுங்கள்.

7. நூல் பிடித்து இரண்டு சக்கரத்தையும் ஒரே கோட்டில் வையுங்கள்.
ஸ்டாண்டர்டு புல்லட்டில் முன்னும் பின்னும் 3.25–19 டயர்தான். அகலம் ஒன்றாக இருப்பது நமக்கு நல்ல வசதி. பின்டயரின் பக்கத்தில் நூலை ஒட்டி முன்னால் இழுத்தால், முன்டயரின் இரண்டு ஓரத்தையும் அது தொட வேண்டும். இரண்டு பக்கமும் பாருங்கள். செயின் இறுக்கும் நத்தை வடிவத் தகடுகளின் பல்லை இரண்டு பக்கமும் ஒன்றாக எண்ணி வைத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். தேய்ந்த தகடு பொய் சொல்லும், நூல் சொல்லாது. ஆர்எக்ஸ் 100 போலப் பின்டயர் அகலமான வண்டி என்றால், முன்டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் சமமா என்று பாருங்கள்.

8. வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்று டேப்பால் அளந்து பாருங்கள்.
சக்கரம் தொங்கும்போது ஓர் அளவு; நீங்கள் ஹெல்மெட்டோடு ஏறி உட்கார்ந்தபின் இன்னோர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ஸ்பிரிங்கின் மொத்த ஓட்டத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். புல்லட்டின் முன்பக்க ஓட்டம் சுமார் 130 மில்லிமீட்டர். ஆகவே 33 முதல் 43 வரை சரி. பின்பக்கம் சுமார் 80; அங்கே 20 முதல் 27. பழைய வண்டியில் ஃபோர்க் குழாய் தகர உறைக்குள் மறைந்திருப்பதால், அச்சின் நடுவிலிருந்து ஹெட்லைட் கூட்டின் கீழ்விளிம்பு வரை அளப்பது சுலபம். சாலைக் கம்போளத்திலிருந்து அரிசி மூட்டை ஏற்றி வருபவர், மனைவியோடு கோயிலுக்குப் போகிறவர், தனியாகவே ஓட்டுபவர் எல்லோருக்கும் ஒரே அளவு பொருந்தாது. உங்கள் வழக்கமான பாரத்தோடு அளந்து பாருங்கள்.

9. பின் ஷாக்கை ஜோடியாக, அதே நீளத்தில் வாங்குங்கள்.
எண்ணெய் கசியும் ஷாக்கைத் துடைத்துவிட்டு ஓட்டாதீர்கள். ஒன்றை மட்டும் மாற்றவும் வேண்டாம். கேஸ் நிரப்பிய ஷாக் நல்ல முன்னேற்றம்தான், நீண்ட தூரத்தில் சூடேறினாலும் தளராது. ஆனால் மேல் கண்ணிலிருந்து கீழ்க் கண் வரையுள்ள நீளம் பழையதேதானா என்று அளந்து வாங்குங்கள். நீளம் கூடினால் பின்பக்கம் எழும்பி முன் ஃபோர்க் செங்குத்தாகும். திரும்புவது எளிதாவது போலத் தோன்றும், வேகத்தில் ஹேண்டில் நடுங்கும். சென்டர் ஸ்டாண்டும் சரியாக நிற்காது.

10. சட்டத்துக்கு உள்ளேயே நில்லுங்கள்.
மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கிலேயே, உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்துசெய்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. தேய்ந்த பாகத்துக்குப் பதிலாக அதே அளவில் நல்ல பாகம் போடுவதில் தவறில்லை. ஃபிரேமை வெட்டுவதும், வேறு வண்டியின் ஃபோர்க்கைப் பற்றவைப்பதும் வேண்டாம். 15 ஆண்டு கடந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியையே நிறுத்திக் காட்ட வேண்டியிருக்கும். பற்றவைத்த இடம் ஒரு நாள் விட்டுப்போனால் போகும் உயிர் உங்களுடையது.

11. ஒரு சமயத்தில் ஒரே மாற்றம். ஒரே சாலையில் சோதனை.
டயர், எண்ணெய், ஷாக் மூன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று ஒருபோதும் தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், ஓட்டுங்கள், எழுதுங்கள். கிள்ளிப்பாலத்திலிருந்து அட்டகுளங்கரை வரை ஒரு சுற்று, கரமனை தாண்டிக் களியிக்காவிளை சாலையில் ஒரு நேர் ஓட்டம்: காலை நெரிசலுக்கு முன் இவ்வளவு போதும். குழியில் தட்டுகிறதா, பிரேக் பிடித்தால் முன்பக்கம் தரையில் முட்டப் போகிறதா, நேர்ச்சாலையில் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் அதே கேள்விகளைக் கேளுங்கள். வேலை முடிந்து முதல் வாரத்திலேயே எல்லா போல்ட்டுகளையும் ஸ்போக்குகளையும் மறுபடி பாருங்கள். வளைந்த ஃபோர்க் குழாயும் கோணிய ரிம்மும் வீட்டு வேலை அல்ல, அனுபவப்பட்ட மெக்கானிக்கிடம் கொடுங்கள். பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளுக்கு, நோட்டில் எழுதிய குறை ஒவ்வொன்றின் எதிரிலும் ‘சரி’ என்று போட்ட பிறகு போங்கள்.