அப்டேட் செய்ததும் விஎல்சி மக்கர் பண்ணுகிறதா?

நேற்றுவரை ஒழுங்காக ஓடிய படம் இன்று பச்சைப் பசேலென்று தெரியும். அல்லது குரல் மட்டும் வரும். உடனே கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்யக் கிளம்பாதீர்கள்.

1. முதலில் ரீஸ்டார்ட். பாதி மாறி நிற்கும் ஃபைல்கள் அப்போதுதான் முழுசாக மாறும்.

2. கன்ட்ரோல், பி இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். இன்புட்/கோடெக்ஸ் பகுதியில் ஹார்டுவேர் டீகோடிங்கை 'டிஸேபிள்' ஆக்கி, சேவ் கொடுத்து, விஎல்சியை மூடித் திறங்கள். பச்சைத் திரைக்குப் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவரோடு ஒத்துப்போகாததே காரணம். படம் சரியானால் அந்த டிரைவரைப் புதுப்பித்துவிட்டு, டீகோடிங்கை மறுபடி போடுங்கள். இல்லாவிட்டால் மொத்த பாரமும் பிராசஸர் தலையில் விழுந்து லேப்டாப் ஃபேன் இரையத் தொடங்கும்.

3. தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வந்தால், அதே கன்ட்ரோல்-பி விண்டோவில் எழுத்துருவை நிர்மலா யுஐ ஆக்குங்கள். அதில் தமிழ் உண்டு. கிறுக்கலாக வந்தால் என்கோடிங்கை யுடிஎஃப்-8க்கு மாற்றிப் பாருங்கள்.

4. அடுத்தது, அந்த விண்டோவின் கீழே இருக்கும் 'ரீசெட் பிரிஃபரன்சஸ்'. பழைய செட்டிங் புதிய பதிப்போடு முட்டினால் இது தீர்க்கும். நீங்கள் செய்து வைத்த மாற்றங்களும் போய்விடும், அதனால்தான் இவ்வளவு தள்ளி வைத்தேன்.

5. எதற்கும் மசியவில்லையா? பழைய பதிப்பை, விஎல்சியை உருவாக்கும் வீடியோலேனின் தளத்திலிருந்தே இறக்குங்கள். கண்ட தளத்தில் எடுத்தால் விளம்பர மென்பொருளும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும்.