மிளகுத்தூளை விரட்டுவது சோப்பு அல்ல

தட்டில் தண்ணீர் ஊற்றி, மிளகுத்தூள் தூவி, சோப்பு தொட்ட விரலை நடுவில் வைத்தால் தூள் விளிம்புக்கு ஓடும். 2020இல் கொரோனா பரவியபோது, கை கழுவச் சொல்லித்தர இதைக் குழந்தைகளுக்குப் பலரும் செய்து காட்டினார்கள். சோதனை அருமையானது. கூடவே சொன்ன விளக்கம்தான் தவறு.

நம்பிக்கை: கிருமியைப் போலவே மிளகும் சோப்புக்குப் பயந்து ஓடுகிறது.

உண்மை: தூளை இழுத்துக்கொண்டு போவது தண்ணீர். மேற்பரப்பு நீர் எல்லாப் பக்கமும் சமமாக இழுக்கும்வரை தூள் நின்ற இடத்தில் நிற்கும். சோப்பு பட்ட இடத்தில் இந்த இழுப்பு, அதாவது பரப்பு இழுவிசை, பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சுற்றியுள்ள சுத்தமான நீரின் கை ஓங்கி, தூளும் அதோடு போய்விடும். அதே தட்டில் மறுபடி தூள் தூவி, மறுபடி சோப்பு விரலை வையுங்கள், முன்போல் ஓடாது. பரப்பு முழுவதும் ஏற்கெனவே சோப்பு பரவிவிட்டதே! சோப்பு விரட்டுவது உண்மையென்றால் இரண்டாம் முறையும் ஓட வேண்டும்.

இதில் ஏன் இத்தனை பிடிவாதம்? தொட்டாலே கிருமி ஓடிவிடும் என்று நம்பும் குழந்தை கையைத் தேய்க்காது. கொரோனா வைரஸின் கொழுப்பு உறையைச் சோப்பு உடைக்கும். அதற்கு 20 விநாடியாவது நுரை வரத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

நம்பிக்கை: ஊசி லேசானது, அதனால் மிதக்கிறது.

உண்மை: எஃகின் அடர்த்தி நீரைப்போல் ஏறக்குறைய 8 மடங்கு. டிஷ்யூ பேப்பர் துண்டின் மேல் தையல் ஊசியை வைத்து டம்ளர் தண்ணீரில் விடுங்கள். பேப்பர் நனைந்து மூழ்கும், ஊசி நிற்கும். டம்ளரைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்தால் ஊசிக்கடியில் நீர் குழிந்திருப்பது தெரியும். ஊசியைத் தாங்குவது அந்தப் பரப்பின் இழுவிசைதான். விரலால் அமுக்கினால் அடிக்குப் போய்விடும், மேலே வராது. பாலில் ஆடை படிவதுபோல் நீரின்மேல் தனியாக ஒரு தோலும் கிடையாது. மேலே இருப்பதும் அதே தண்ணீர்தான்.

உப்பும் சோப்பைப்போல் இழுவிசையைக் குறைக்கும் என்பதும் தவறு. உப்பு அதைச் சற்றுக் கூட்டும்.

சமையலறைச் சோதனை வெறும் விளையாட்டு என்பவர்களுக்கு ஜெர்மனியின் ஆக்னஸ் பாக்கல்ஸைத்தான் காட்ட வேண்டும். கல்லூரி வாசல் மிதிக்காத அவர், வீட்டிலேயே ஒரு தகரத் தொட்டியில் நீரின் பரப்பு இழுவிசையை அளந்தார். 1891இல் இயற்பியலாளர் ராலே பிரபுவுக்குக் கடிதம் எழுத, அவர் அதை ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பி வெளியிடச் செய்தார். அந்தத் தொட்டியை மேம்படுத்தி ஆராய்ந்த இர்விங் லாங்மியூருக்கு, பரப்பு வேதியியலுக்காக 1932இல் நோபல் பரிசு கிடைத்தது.