நிழற்படக் கலை பயின்ற நங்கை

செய்தித்தாளில் வெளிவரும் நிழற்படம், நேரிற் கண்டவர் கூறும் சான்றினை ஒப்பது. அத்தகைய படங்களை எடுக்கும் தொழிலில் இந்திய மகளிருள் முதன்முதல் ஈடுபட்டவர் ஹோமாய் வியாரவாலா அம்மையார் ஆவார். அவர் இன்றைய குசராத்து மாநிலத்திலுள்ள நவசாரி என்னும் ஊரில், 1913ஆம் ஆண்டு, பார்சிக் குடும்பம் ஒன்றில் தோன்றினார். அவர் தந்தையார் ஊர்தோறும் சென்று நடிக்கும் நாடகக் கலைஞர்.

அம்மையார் பம்பாய் சர் ஜே. ஜே. கலைப்பள்ளியில் பயின்றார். நிழற்படக் கலையை மானெக்ஷா என்பாரிடம் கற்றார்; பின்னர் அவரையே மணந்தார். படமெடுத்துப் பழகுவதற்கு அவர் அரண்மனைகளை நாடிச் சென்றாரல்லர். உடன் பயின்ற தோழியரும், நகரத் தெருக்களில் நடமாடிய எளிய மக்களுமே அவருக்குப் பாடநூல்கள் ஆயினர். மகளிர் சிலர் உல்லாசப் பயணம் சென்ற காட்சியை அவர் எடுத்த படங்கள் 'பாம்பே கிரானிக்கிள்' இதழில் வெளிவந்தன. படம் ஒன்றுக்கு ஒரு ரூபாய் கிடைத்தது.

ஆயினும், பெண்ணொருத்தி எடுத்த படம் எனின் அதனை மதிப்பார் அந்நாளில் அரியர். ஆதலின் அவருடைய தொடக்க காலப் படங்கள் கணவர் பெயரிலேயே வெளியாயின. அதற்காக அம்மையார் மனந்தளர்ந்து கருவியைக் கீழே வைத்துவிடவில்லை.

1942இல் அவர் தில்லிக்குச் சென்று பணியாற்றினார். 1947இல் நிகழ்ந்த விடுதலை விழாவையும், 1948இல் காந்தியடிகளின் இறுதிச் சடங்கையும் படமாக்கினார். எளியோர் முகங்களைக் கூர்ந்து நோக்கிப் பழகிய கண்களே இவ்வரிய காட்சிகளையும் தவறவிடாமல் பற்றிக்கொண்டன. 2011இல் இந்திய அரசு அவருக்குப் பத்மவிபூஷண் விருது வழங்கியது. மறு ஆண்டு அவர் மறைந்தார். பிறர் பெயரால் தொடங்கிய அவரது உழைப்பு, இன்று அவர் பெயராலேயே போற்றப்படுகின்றது.